மெதுவாக வந்தால் திரும்பிவிடுமா? – நியூட்ரானும் ஒரு தம்ளர் பாலும்

பத்தாம் வகுப்பு அறிவியலில் அணுக்கரு இயற்பியல் நடத்தும்போது கல்பாக்கத்தைத் தொடாமல் பாடத்தை முடிக்க முடியாது. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள தெருக்களிலிருந்து வருகிறவர்கள். லேத், டை காஸ்டிங், பவுடர் கோட்டிங் என்று ஏதாவது ஒரு பட்டறையில் வீட்டில் ஒருவராவது வேலை செய்கிறார். உலோகம், இயந்திரம் என்று பேச்சு வந்தால் நிமிர்ந்து உட்காருவார்கள். அதனால் கடந்த கல்வியாண்டில், பாடநூலில் உள்ளதோடு நிறுத்தாமல், கல்பாக்கத்தில் இருக்கும் ஒரு சிறிய அணு உலையின் கதையையும் சேர்த்துச் சொன்னேன்.

அந்த உலையின் பெயர் காமினி. ‘கல்பாக்கம் மினி’ என்பதன் சுருக்கம். இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் உள்ள இந்த உலை 1996 அக்டோபர் 29 அன்று முதன்முதலாகத் தொடர்வினை நிலையை எட்டியது. இதன் திறன் 30 கிலோவாட். மின்சாரம் எடுப்பதற்காகக் கட்டப்பட்டது அல்ல. நியூட்ரான்களைத் தருவதுதான் இதன் வேலை. எக்ஸ் கதிரால் படம் எடுப்பதுபோல நியூட்ரானால் பொருள்களின் உட்புறத்தைப் படம் எடுக்கிறார்கள். தோரியத்திலிருந்து பெறப்படும் யுரேனியம்-233 இதன் எரிபொருள். அதுவும் சுமார் 600 கிராம்தான். இவ்வளவு குறைந்த எரிபொருளில் உலை இயங்குவதற்கு ஒரு முக்கியக் காரணம், அதைச் சுற்றியுள்ள பெரிலியம் ஆக்சைடு சுவர். வெளியே தப்பிக்கப் பார்க்கும் நியூட்ரான்களை அது மறுபடி உள்ளே திருப்பி அனுப்புகிறது. இதை நியூட்ரான் எதிரொளிப்பான் என்கிறோம்.

கரும்பலகையில் ஒரு வட்டம், அதைச் சுற்றி ஒரு சுவர், சுவரில் மோதித் திரும்பும் சின்னச் சின்னப் பந்துகள் என்று படம் வரைந்தேன். பின்பெஞ்சிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். கிரிக்கெட் ஆடுகிற பையன்.

“மிஸ், ஸ்பீடா வர்ற பந்தைவிட ஸ்லோவா வர்ற பந்தைத் தடுக்குறது ஈசிதானே? அப்போ நியூட்ரான் இன்னும் மெதுவா வந்தா, அந்தச் சுவர் இன்னும் நல்லா திருப்பி அனுப்புமா?”

“ஆமாம்பா, அனுப்பும்” என்றேன். யோசிக்கவே இல்லை. அவன் அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். பார்த்து இன்னும் நான்கைந்து பேர் எழுதிக்கொண்டார்கள்.

அன்று இரவு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது அந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. எதை வைத்து ‘ஆமாம்’ என்றேன்? நான் வரைந்த படத்தை வைத்துத்தான். நியூட்ரானைப் பந்தாக வரைந்தது நான். அந்தப் பந்தை வைத்து அவன் சரியாகத்தான் யோசித்தான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் தேடிப் படித்தபோது, நான் சொன்னதற்கு நேர் எதிரானது உண்மை என்று தெரிந்தது. வேகம் ஓர் எல்லைக்குக் கீழே போனால், பெரிலியம் ஆக்சைடு சுவர் நியூட்ரானுக்குக் கண்ணாடி ஜன்னல்போல ஆகிவிடுகிறது. பெரும்பாலானவை திரும்பாமல் நேராக ஊடுருவிப் போய்விடுகின்றன.

திங்கட்கிழமை வகுப்பில் முதலில் அதைச் சொன்னேன். “போன வாரம் நான் சொன்னது தப்பு. ஏன் தப்புன்னு இன்னிக்குப் பார்ப்போம்.” ஒரு நிமிடம் வகுப்பு அமைதியாக இருந்தது. அந்த மாணவன்தான் கேட்டான்: “அப்போ நோட்ல அடிச்சிடவா மிஸ்?” முழுவதும் அழிக்க வேண்டாம், ஒரு கோடு மட்டும் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே சரியானதை எழுதச் சொன்னேன்.

அந்தப் பாடவேளையில் நடத்தியதையும், அதற்காகச் செய்த எளிய செயல்பாடுகளையும் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

396 என்ற எண்

நியூட்ரான் துகள் மட்டுமல்ல, அலையும்கூட. பன்னிரண்டாம் வகுப்பில் டி ப்ராய் அலைநீளம் என்று இது வருகிறது. பத்தாம் வகுப்புக்குச் சமன்பாடு வேண்டாம். ஒரு வகுத்தல் கணக்கு போதும். 396 என்ற எண்ணை நியூட்ரானின் வேகத்தால் (மீட்டர்/நொடி) வகுத்தால் அதன் அலைநீளம் நானோமீட்டரில் கிடைத்துவிடும். மேல்நிலை ஆசிரியர்கள் பிளாங்க் மாறிலியை நியூட்ரானின் நிறையால் வகுத்து இந்த எண் எப்படி வந்தது என்று மாணவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லலாம்.

வகுப்பில் மூன்று கணக்குகள் போட்டோம்.

அணு உலையில் தணிப்பானால் வேகம் குறைக்கப்பட்ட வெப்ப நியூட்ரானின் வேகம் நொடிக்கு 2200 மீட்டர். அலைநீளம் 0.18 நானோமீட்டர்.

வேகம் 1000 மீட்டர் எனில் அலைநீளம் ஏறத்தாழ 0.4 நானோமீட்டர்.

வேகம் 100 மீட்டர் எனில் அலைநீளம் ஏறத்தாழ 4 நானோமீட்டர்.

விடைகளைக் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியதும் ஒரு மாணவி சொன்னாள்: “வேகம் குறையக் குறைய அது பெருசாகிட்டே போகுது மிஸ்.” பாடத்தின் மையம் அதுதான். மெதுவான நியூட்ரான் என்பது மெதுவான பந்து அல்ல. அது நீண்ட அலை.

பேவர் பிளாக்கும் லாரி டயரும்

நீண்ட அலைக்கும் சுவருக்கும் என்ன தொடர்பு? தொழிற்பேட்டைச் சாலையை வைத்தே விளக்கினேன். நடைபாதையில் பதித்த பேவர் பிளாக் கற்களுக்கு இடையே சிறு இடைவெளிகள் இருக்கும். பொம்மைக் காரின் சக்கரம் ஒவ்வோர் இடைவெளியிலும் தடுக்கித் திசை மாறும். லாரி டயருக்கு அந்த இடைவெளி இருப்பதே தெரியாது. அதே லாரி, தன் டயர் அளவுக்கு உள்ள பள்ளத்தில் இறங்கினால் ஆட்டம் காணும்.

பெரிலியம் ஆக்சைடு, கிராஃபைட்டு போன்ற படிகங்களில் அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. வரிசைகளுக்கு இடையேயான தூரம் ஒரு நானோமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. வெப்ப நியூட்ரானின் அலைநீளமும் கிட்டத்தட்ட இதே அளவு. எனவே அது வரிசைகளை ‘உணர்ந்து’ பல திசைகளிலும் சிதறுகிறது, ஒரு பகுதி திரும்பி வருகிறது. ஆனால் அலைநீளம் அந்த வரிசைத் தூரத்தின் இரு மடங்கைத் தாண்டிவிட்டால், எந்தத் திசையிலும் அலைகள் ஒன்று சேர்ந்து வலுப்பெற வழியில்லை. மேல்நிலை வகுப்பில் பிராக் விதியை அறிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். பெரிலியம் ஆக்சைடுக்கு இந்த எல்லை சுமார் 0.47 நானோமீட்டர், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 850 மீட்டர் வேகம். கிராஃபைட்டுக்கு சுமார் 0.67 நானோமீட்டர், ஏறத்தாழ 590 மீட்டர். அதற்குக் கீழே உள்ள மெதுவான நியூட்ரான்களுக்கு இச்சுவர்கள் பெரிதும் திறந்த வாசல்கள்.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த மாணவன் கேட்டதில் பாதி உண்மையும் இருக்கிறது. நியூட்ரானின் வேகம் நொடிக்கு சுமார் 7 மீட்டருக்கும் கீழே, அதாவது நம் பிள்ளைகள் மைதானத்தில் ஓடும் வேகத்துக்கு வந்துவிட்டால், நிக்கல் போன்ற பொருள்களின் பரப்பில் எந்தக் கோணத்தில் மோதினாலும் அது திரும்பிவிடுகிறது. அத்தகைய மீக்குளிர் நியூட்ரான்களைக் குடுவைக்குள் அடைத்தே வைக்கிறார்கள். தனித்த நியூட்ரானின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 880 நொடிகள் என்று அளப்பதற்கு அந்தக் குடுவைகளும் பயன்பட்டிருக்கின்றன.

ஆக, வேகமானவற்றைத் திருப்பப் படிகச் சுவர் இருக்கிறது. மிக மிக மெதுவானவற்றைத் திருப்ப வழவழப்பான பரப்பே போதும். இடையில் நொடிக்குச் சில பத்து மீட்டர் முதல் சில நூறு மீட்டர் வரை உள்ளவற்றை எது திருப்பும்? நீண்டகாலம் இதற்கு நல்ல விடை இல்லாமல் இருந்தது. இந்த மெதுவான நியூட்ரான்களோ அரியவை. உலையிலிருந்து வரும் நியூட்ரான்களில் மிகச் சிறிய பங்கே இவ்வளவு மெதுவாக இருக்கும். நீண்ட அலைநீளம் உள்ளதால் பெரிய மூலக்கூறுகளின் அமைப்பை ஆராயவும், நியூட்ரானின் இயல்புகளைத் துல்லியமாக அளக்கவும் இவை வேண்டும். கிடைக்கும் கொஞ்சமும் நாலாபுறமும் சிதறி வீணானால் ஆய்வு நடக்காது.

வைரத்தூள் செய்யும் வேலை

விடை ஒரு தூளில் கிடைத்தது. டிஎன்டி போன்ற வெடிபொருள்களை மூடிய கலத்துக்குள் வெடிக்கச் செய்தால், எஞ்சும் கரியில் மிக நுண்ணிய வைரத் துகள்கள் உருவாகின்றன. ஒவ்வொன்றும் 4 முதல் 5 நானோமீட்டர் அளவு. இவையே நானோவைரங்கள். பிரான்சின் கிரனோபிள் நகரில் உள்ள லாவே-லாஞ்செவின் நிறுவனத்தின் வலேரி நெஸ்விஷெவ்ஸ்கியும் ரஷ்யாவின் தூப்னா ஆய்வாளர்களும் இணைந்து, இந்தத் தூளைச் சுவராக அடைத்த பெட்டிக்குள், நொடிக்கு நூறு மீட்டர் அளவிலான வேகம் கொண்ட நியூட்ரான்களைத் தேக்கிவைத்துக் காட்டினார்கள். அந்த முடிவுகள் 2009-இல் வெளியாயின.

ஏன் இந்தத் தூள்? கரும்பலகையில் இருந்த மூன்றாவது கணக்கைப் பார்க்கச் சொன்னேன். நூறு மீட்டர் வேகத்துக்கு அலைநீளம் 4 நானோமீட்டர். துகளின் அளவும் அதுவே. லாரி டயருக்கு ஏற்ற பள்ளம்.

ஐந்து நானோமீட்டர் விட்டமுள்ள ஒரு துகளில் சுமார் 11,000 கார்பன் அணுக்கள் இருக்கும். அலைநீளம் துகளின் அளவை ஒத்திருப்பதால் இத்தனை அணுக்கருக்களும் ஏறக்குறைய ஒரே கட்டத்தில் சேர்ந்து சிதறடிக்கின்றன. தேர் வடத்தை ஆளுக்கொரு நேரம் இழுப்பதற்கும் எல்லாரும் ஒரே நேரத்தில் இழுப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. அலைகளில் இந்த வேறுபாடு இன்னும் பெரிது. பத்து அலைகள் ஒரே கட்டத்தில் சேர்ந்தால் வீச்சு பத்து மடங்கு, செறிவு நூறு மடங்கு. ஒரு துகளில் மோதியவுடனே நியூட்ரான் திரும்பிவிடுவதில்லை. கொஞ்சம் திசை மாறுகிறது, அடுத்த துகளில் இன்னும் கொஞ்சம் மாறுகிறது. இப்படிப் பலமுறை மாறி, கடைசியில் வந்த பக்கமே வெளியேறுகிறது.

இதற்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. வழியில் நியூட்ரான் விழுங்கப்படக் கூடாது. கார்பன் அணுக்கரு நியூட்ரானை மிக அரிதாகவே உட்கவர்கிறது. ஆனால் நானோவைரத்தின் மேற்பரப்பில் ஹைட்ரஜன் அணுக்கள் ஒட்டியிருக்கும். ஹைட்ரஜன் சில நியூட்ரான்களை விழுங்கும். அதைவிட முக்கியமாக, மெதுவான நியூட்ரானுக்குத் தன் வெப்ப ஆற்றலைக் கொடுத்து வேகமாக்கிவிடும். வேகமானது தூளைத் துளைத்துத் தப்பிவிடும். ஆகவே ஹைட்ரஜனை அகற்றி அந்த இடத்தில் ஃபுளூரினை அமர்த்தினார்கள். ஃபுளூரினேற்றப்பட்ட தூள் மேலும் சிறப்பாகத் திருப்பி அனுப்புகிறது என்பதை 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது.

வகுப்பறைச் செயல்பாடுகள்

பள்ளியில் நியூட்ரானுக்கு இடமில்லை, வேண்டவும் வேண்டாம். ஒளியும் அலைதான். பத்தாம் வகுப்பு ஒளியியல் பாடத்தில் வரும் டிண்டால் சிதறலும் மீ சிதறலும் இதே கருத்தைக் காட்டப் போதுமானவை.

செயல்பாடு 1: கற்கண்டு (தொடக்க வகுப்புகளுக்கும் ஏற்றது)

மளிகைக் கடையில் டைமண்ட் கற்கண்டு கிடைக்கும். ஒரு கற்கண்டைக் கைப்பேசி விளக்கின்மேல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒளி அதன் வழியே வரும். பிறகு சிறிதளவு கற்கண்டைப் பொடித்து, அதே விளக்கின்மேல் ஒரு கண்ணாடித் தட்டில் தடிமனாகப் பரப்புங்கள். பொடி வெள்ளையாகத் தெரியும், ஒளி மிகவும் குறைந்துவிடும். பொருள் அதேதான், மாறியது துகளின் அளவு. பின் பொடியில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டால் ஒளி மறுபடி கூடுதலாக ஊடுருவும். துகள்களுக்கு இடையே காற்று இருந்ததும் சிதறலுக்குக் காரணம் என்பதைப் பிள்ளைகள் பேசிக் கண்டுபிடிக்கட்டும்.

செயல்பாடு 2: பாலும் மையும் (6 முதல் 10 வகுப்புகள்)

தேவையான பொருள்கள்: ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடித் தம்ளர்கள், தண்ணீர், பால், நீல மை அல்லது கறுப்பு மை, எல்இடி டார்ச், கறுப்புத்தாள், எழுத்து அச்சிட்ட தாள், சொட்டுக்குழாய்.

இரண்டு தம்ளர்களிலும் முக்கால் பங்கு தண்ணீர் எடுத்து, பின்னால் எழுத்துத் தாளை நிறுத்துங்கள். ஒன்றில் பாலையும் மற்றதில் மையையும் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். எத்தனையாவது சொட்டில் எழுத்து மறைகிறது என்று அட்டவணையில் குறிக்கட்டும். எழுத்து மறைந்த பிறகு, எழுத்துத் தாளுக்குப் பதில் கறுப்புத்தாளை வைத்து, அறையை இருட்டாக்கி, முன்பக்கமிருந்து டார்ச் அடியுங்கள். இரண்டு தம்ளர்களுமே ஒளியைத் தடுக்கின்றன. ஆனால் பால் தம்ளர் ஒளிர்கிறது, மை தம்ளர் இருளாகவே இருக்கிறது. பாலிலுள்ள கொழுப்புத் துளிகளும் புரதத் துகள்களும் ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க அளவில் இருப்பதால் ஒளியைச் சிதறடித்துத் திருப்பி அனுப்புகின்றன. மை ஒளியை விழுங்கிவிடுகிறது. ‘தடுப்பது’ வேறு, ‘திருப்பி அனுப்புவது’ வேறு என்பது இந்த ஒரு காட்சியில் பதிந்துவிடும்.

செயல்பாடு 3: ஒரு சொட்டு மை

ஒளிரும் பால் தம்ளரில் ஒரு சொட்டு மையை விட்டுக் கலக்குங்கள். திரும்பி வரும் ஒளி சட்டென்று மங்கும். ஒளி பலமுறை திசை மாறித் திரும்புவதால், வழியில் ஓர் எளிய கலப்படமே அதிக இழப்பை உண்டாக்குகிறது. நானோவைரத் தூளில் ஹைட்ரஜனின் வேலை ஏறக்குறைய இந்த மையின் வேலை. ஃபுளூரின் ஏற்றுவது என்பது பாலிலிருந்து மையை எடுப்பதுபோல.

கவனிக்க: லேசர் சுட்டியைப் பயன்படுத்த வேண்டாம். டார்ச் ஒளியைக் கண்ணில் அடிக்க அனுமதிக்கக் கூடாது. ஆய்வகத்தில் பொடித்த கற்கண்டையோ செயல்பாட்டுக்குப் பயன்படுத்திய பாலையோ யாரும் உட்கொள்ளக் கூடாது.

மதிப்பீட்டு வினாக்கள்

1. நொடிக்கு 500 மீட்டர் வேகமுள்ள நியூட்ரானின் அலைநீளம் என்ன? காமினி உலையின் பெரிலியம் ஆக்சைடு சுவர் அதைத் திருப்புமா?

2. நானோவைரத் துகள்களுக்குப் பதில் அதே எடையுள்ள ஒரே வைரக்கல்லை வைத்தால் நூறு மீட்டர் வேகமுள்ள நியூட்ரான் என்ன ஆகும்? கற்கண்டுச் செயல்பாட்டோடு ஒப்பிட்டு விடை தருக.

3. எதிரொளிப்பானுக்கும் உட்கவரும் பொருளுக்கும் உள்ள வேறுபாட்டைப் பாலும் மையும் கொண்டு விளக்குக.

4. லாரி டயர் உவமை எந்த இடத்தில் பொருந்தாமல் போகிறது?

நான்காவது வினாவைத் தவறாமல் கேளுங்கள். எந்த உவமையும் ஓர் எல்லைவரைதான் உதவும். நான் வரைந்த பந்துப் படம் தணிப்பானை விளக்க நன்றாக உதவியது. பாரஃபின் மெழுகிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களில் மோதி நியூட்ரான் வேகம் குறைகிறது என்று 1934-இல் ஃபெர்மி கண்டதை விளக்கப் பந்துகளே போதும். எதிரொளிப்பானுக்கு வந்தபோது அதே படம் என்னைத் தவறான விடைக்குக் கொண்டுபோனது. படம் வரையும்போதே ‘இது எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது’ என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லும் வழக்கத்தை அதன்பின் வைத்துக்கொண்டேன்.

எங்கள் வகுப்பில் மூன்றாவது செயல்பாடு முடிந்ததும் அந்த மாணவன் மறுபடி எழுந்தான். “மிஸ், பாலுக்குப் பதிலா மோர் ஊத்தினா எத்தனை சொட்டுல எழுத்து மறையும்?” இந்த முறை நான் விடை சொல்லவில்லை. மறுநாள் அவனே வீட்டிலிருந்து மோர் கொண்டுவந்தான். சத்துணவுக் கூடத்திலிருந்து தம்ளர்கள் வாங்கிவந்து நான்கு குழுக்களாக அளந்தார்கள். குழுவுக்குக் குழு எண்ணிக்கை மாறியது. ஏன் மாறியது என்ற வாதம் மணியடித்த பிறகும் வராந்தாவில் தொடர்ந்தது.